கரியமில வாயு துணி துவைக்கப் போன கதை

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே உதவியாளராக வேலை பார்த்த நாட்களில், இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு திரவங்கள் அவர் கையில் பிறந்தன. 1821-இல் கார்பனும் குளோரினும் சேர்ந்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கிச் சிதைத்தபோது, தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனத்த, நிறமற்ற திரவம் ஒன்று கிடைத்தது. 1823-இல், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் கரியமில வாயுவை உண்டாக்கி, வெளியேற வழியில்லாமல் மூடிவைத்தார். வாயு தன் அழுத்தத்தாலேயே நெரிபட்டுத் திரவமானது.

முதல் திரவத்தைச் சீசாவில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதை அப்படி வைக்க முடியாது. அறை கொஞ்சம் சூடானாலே குழாய் வெடித்துவிடும். வாயுக்களைத் திரவமாக்கும் அந்தச் சோதனை வரிசையில் நடந்த ஒரு வெடிப்பில் ஃபாரடேயின் கண்ணில் கண்ணாடித் துணுக்குகள் பாய்ந்தன.

முதலாவதன் பெயர் பெர்குளோரோஎத்திலீன். சலவைத் தொழிலில் சுருக்கமாக பெர்க். இரண்டாவது, திரவக் கரியமில வாயு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இவை இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டியிட்டன: தண்ணீர் படக்கூடாத கம்பளிக் கோட்டிலும் பட்டு உடையிலும் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் வேலை. குணத்தில் உயர்ந்தது இரண்டாவது. சந்தையில் வென்றது முதலாவது. காரணம் வேதியியலில் இல்லை. அடைத்துவைக்கும் கலனில் இருக்கிறது.

அந்தக் கலனை முதலில் இரும்பில் செய்து பார்த்தவர் பிரான்ஸைச் சேர்ந்த தீலோரியே. கண்ணாடிக் குழாயில் சில துளிகளாக இருந்த திரவத்தை அவர் வார்ப்பிரும்பு உருளையில் லிட்டர் கணக்கில் தயாரித்தார். 1835-இல் அந்த உருளையின் வாயைத் திறந்துவிட்டபோது, சீறி வந்த திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகி, மிச்சத்தை வெள்ளைப் பனியாக உறையவைத்தது. இன்று ஐஸ்கிரீம் வண்டிகளிலும் மேடை நாடகங்களிலும் புகையும் டிரை ஐஸ் அதுதான். 1840-இன் இறுதியில், பாரிஸ் மருந்தியல் பள்ளியில் இதே வகைக் கருவி வெடித்துச் சிதறியது. அதை இயக்கிய எர்வி என்ற இளைஞர் இறந்துபோனார். கரியமில வாயு விஷமில்லை, தீப்பிடிக்காது, மலிவு. ஆனால் அதை அடக்கிவைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது அந்த நாளிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த படி பெல்ஃபாஸ்டில். அங்கே குயின்ஸ் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ், மயிரிழை போன்ற துளையுள்ள தடித்த கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து, பல ஆண்டுகள் அதை அமுக்கியும் சூடாக்கியும் பார்த்தார். 1869-இல் ராயல் சொசைட்டியில் அவர் சொன்ன முடிவு இது: குழாயின் அடியில் திரவம், மேலே வாயு, நடுவே தெளிவான ஒரு கோடு. சூடு 31 டிகிரி செல்சியஸை நெருங்க நெருங்க அந்தக் கோடு மங்கும். 31-ஐத் தாண்டியதும் காணாமல் போகும். அதன் பின் உள்ளே இருப்பது திரவமா வாயுவா என்று கேட்பதில் பொருளில்லை. எவ்வளவு அமுக்கினாலும் அந்தக் கோடு திரும்பி வராது. அந்த எல்லையில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 73 மடங்கு.

இதைக் கரைப்பானாக வேலை வாங்க முடியும் என்று தொழில் உலகுக்குக் காட்டியது காபி. காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை எடுக்கும் தொழிலை ஜெர்மனியின் பிரெமன் நகரில் லுட்விக் ரோசெலியஸ் தொடங்கியது 1906-இல். அப்போது பயன்பட்ட கரைப்பான் பென்சீன். பிற்பாடு அது புற்றுநோய்க் காரணி என்று தெரியவந்தது. 1960-களில் ம்யூல்ஹைம் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் குர்ட் சோசெல் வேறு வழி கண்டார். ஈரப்படுத்திய பச்சைக் காபிக்கொட்டையின் ஊடே 31 டிகிரி எல்லைக்கு மேலுள்ள அடர்ந்த கரியமில வாயுவைச் செலுத்தினால், அது காஃபீனை மட்டும் பொறுக்கியெடுத்து, மணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அழுத்தத்தை இறக்கினால் வாயு பறந்துவிடும். கொட்டையில் கரைப்பானின் சுவடே இருக்காது. 1970-களின் இறுதியில் பிரெமனில் இதே முறையில் ஆலையே ஓடியது. காபி ஆலைக்குக் கனத்த எஃகுக் கலன் ஒரு பாரமில்லை. டன் டன்னாகக் கொட்டை ஓடும்போது கலனின் விலை கிலோவுக்குச் சில காசாகிவிடும். தெருமுனைச் சலவைக் கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதற்குள் பெர்க் எங்கே போயிருந்தது?

ட்ரை கிளீனிங் 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் தொழிலாக உருவெடுத்தபோது கடைக்காரர்களிடம் இருந்தவை கற்பூரத் தைலம், பென்சீன், மண்ணெண்ணெய், பிறகு பெட்ரோல். எல்லாம் தீப்பற்றக்கூடியவை. சலவைக்கூடங்கள் எரிவது அந்தத் தொழிலில் வழக்கமான செய்தியாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கின, நகரசபைகள் ஊருக்குள் அனுமதிக்க மறுத்தன. 1920-களில் அட்லாண்டாவைச் சேர்ந்த ஸ்டாடார்ட் என்ற சலவைக்காரர் மெல்லன் இன்ஸ்டிடியூட்டுடன் சேர்ந்து, அவ்வளவு எளிதில் பற்றாத பெட்ரோலியக் கரைப்பானைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் விற்கிறது. நம் ஊர் லாண்டரிகளில் பட்டுப்புடவைக்குச் செய்யும் பெட்ரோல் வாஷ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1930-களில் பெர்க் கடைக்குள் வந்தது. தீயே பிடிக்காது. கிரீஸை வெண்ணெய்போல் கரைக்கும். 121 டிகிரியில் கொதிப்பதால் காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தீப்பயம் போனதால் சலவை எந்திரம் ஊருக்கு வெளியேயிருந்து கடைத்தெருவுக்கும், அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தளத்துக்கும் வந்தது. காலையில் கொடுத்தால் மாலையில் கோட்டு தயார் என்று போர்டு எழுதமுடிந்தது இதனால்தான். 1990-களில் அமெரிக்காவில் இருந்த ஏறக்குறைய 35,000 ட்ரை கிளீனிங் கடைகளில் மிகப் பெரும்பாலானவை பெர்க்கில்தான் ஓடின.

பெர்க்கின் கனம்தான் அதன் கேடு. தரையில் சிந்தினால் சிமென்ட் விரிசல் வழியே இறங்கும். மண்ணில் இறங்கும். நிலத்தடி நீரை எட்டினாலும் அதன்மேல் மிதக்காமல் அடியில் போய்த் தங்கிவிடும். பல ஆண்டுகள் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். கடை மூடி வேறொருவர் கைக்கு மாறிய மனைகளிலும் கிணற்று நீரில் அது அகப்பட்டது. 1995-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்க்கை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அன்றாடம் அந்த ஆவியை முகர்ந்தவர்கள் எந்திரத்தின் அருகே நின்ற தொழிலாளிகளும் மாடியில் குடியிருந்தவர்களும்.

அப்போதுதான் ஃபாரடேயின் இரண்டாவது திரவத்தைத் தேடிப் போனார்கள்.

திரவக் கரியமில வாயுவில் துணி துவைக்கலாம் என்ற காப்புரிமை 1977-இலேயே அமெரிக்காவில் பதிவாகியிருந்தது. ரேமண்ட் மாஃபே என்பவருடையது. ஆனால் அந்த முறையில் திரவம் துணியின் ஊடே பாயும், அவ்வளவுதான். துணியை அலசவும் இல்லை, சோப்பும் இல்லை. எண்ணெய் போகும், மண்ணும் வியர்வை உப்பும் அப்படியே இருக்கும்.

இங்கே திரவத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அறை வெப்பத்தில் திரவக் கரியமில வாயு தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் இளகியது. அதன் பரப்பு இழுவிசை மிக மிகக் குறைவு. அதனால் இழைகளுக்கு இடையே, தண்ணீர் எட்டாத நுண்ணிய இடுக்குகளிலும் புகுந்துவிடும். கம்பளி இழையை ஊதவைக்காது; துணி சுருங்காது, சாயம் இறங்காது. இவையெல்லாம் வரவு. செலவுப் பக்கம்: இளகியதும் இலேசானதுமான திரவத்துக்கு அடித்துத் துவைக்கும் வலு கிடையாது. கல்லில் துணியை அறையும்போது தண்ணீரின் கனமும் சேர்ந்துதான் அழுக்கைப் பெயர்க்கிறது. இதில் அந்தக் கனம் இல்லை. சர்க்கரைக் கறை, உப்பு, சேறு எதையும் இது கரைக்காது. நாம் அறிந்த எந்தச் சோப்பும் இதில் கரையாது.

1990-களின் முதற்பாதியில் ஹியூஸ் நிறுவனமும் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வுக்கூடமும் முதல் குறையை எடுத்துக்கொண்டன. திரவத்தைக் குழல்முனைகளின் வழியே பீய்ச்சியடித்து, அந்த வேகத்தில் துணியைச் சுழலவைத்தார்கள். ட்ரைவாஷ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சோப்புக் குறையைத் தீர்த்தது வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகம். அங்கே ஜோசஃப் டிசிமோன் என்ற இளம் வேதியியலாளர் துணியை நினைத்து ஆராய்ச்சி தொடங்கவில்லை. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் நச்சுக் கரைப்பான்களுக்கு மாற்றாகக் கரியமில வாயுவைப் பயன்படுத்த முயன்றார். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அதில் கரைவதில்லை. ஃப்ளோரின் நிறைந்தவையும் சிலிகான் வகையும் விதிவிலக்கு. 1992-இல் அவர் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை ஃப்ளோரின் சங்கிலிகளைக் கரியமில வாயுவுக்குள்ளேயே உருவாக்கிக் காட்டியது. அடுத்த யோசனை அதிலிருந்தே பிறந்தது. மூலக்கூறின் ஒரு முனையில் கரியமில வாயுவோடு ஒட்டும் வால். மறுமுனையில் அழுக்கோடும் நீரோடும் ஒட்டும் தலை. தலைகள் அழுக்கைச் சூழ்ந்துகொள்ள, வால்கள் வெளியே நீண்டு திரவத்தில் மிதக்க, அழுக்கு துணியை விட்டு நழுவும். சவுக்காரம் தண்ணீரில் செய்யும் வேலையை இது கரியமில வாயுவில் செய்தது. 1995-இல் டிசிமோனும் மாணவர்களும் மைசெல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1997-இல் அவருக்கு அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. 1999-இல் அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஹேங்கர்ஸ் என்ற பெயரில் முதல் கடை திறந்தது.

அந்த எந்திரத்துக்குள் ஒரு கோட்டு என்ன பாடுபடுகிறது என்று பார்க்கலாம்.

டிரம்மில் துணியைப் போட்டுக் கனத்த கதவை மூடிப் பூட்டுகிறார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கவேண்டும். பிறகு சேமிப்புத் தொட்டியிலிருந்து கரியமில வாயு ஆவியாக உள்ளே வந்து அழுத்தத்தை மெல்ல ஏற்றுகிறது. இந்தப் படியைத் தாண்டித் திரவத்தை நேராகத் திறந்துவிட்டால் அது டிரை ஐஸாகத் துணிமேல் கொட்டும். வளிமண்டலத்தின் ஐந்து மடங்குக்குக் குறைந்த அழுத்தத்தில் கரியமில வாயுவுக்குத் திரவ நிலையே கிடையாது. அழுத்தம் 50 மடங்கை நெருங்கியதும் திரவம் உள்ளே பாய்கிறது. சோப்பு சேர்கிறது. டிரம் சுழல்கிறது. சூடு கிடையாது, அறை வெப்பத்துக்கும் கீழேதான் சலவை நடக்கிறது. பெர்க் எந்திரத்தில் கடைசியில் சூடான காற்று அடித்துத்தான் துணியைக் காயவைக்கவேண்டும். எடுபடாத கறை இருந்தால் அந்தச் சூட்டில் அது நிலைத்துவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை.

அலசி முடிந்ததும் திரவம் வடிகிறது. மிச்சமுள்ள ஆவியை கம்ப்ரஸர் இழுத்து மறுபடி தொட்டிக்கு அனுப்புகிறது. இதை நிதானமாகச் செய்யவேண்டும். அவசரப்பட்டு அழுத்தத்தை இறக்கினால் துணியில் இருக்கும் ஈரம் உறைந்துபோகும். வாயுவை உள்வாங்கிய சில பிளாஸ்டிக் பொத்தான்கள் உள்ளிருந்தே குமிழிட்டு வெடிக்கும். முக்கால் மணி நேரத்துக்குள் கதவு திறக்கிறது. கோட்டு சில்லென்று, ஈரமில்லாமல், எந்த வாடையும் இல்லாமல் வெளியே வருகிறது. காயப்போட வேண்டியதில்லை, இஸ்திரிக்குப் போகலாம். எடுத்த அழுக்கு காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தின் அடியில் தங்குகிறது. வாயுவில் மிகப் பெரும்பகுதி அடுத்த சலவைக்குத் திரும்புகிறது. எந்திரத்தில் ஊற்றும் கரியமில வாயுவும் இதற்காக எரித்து எடுத்ததல்ல. அமோனியா, எத்தனால் ஆலைகளில் மிச்சமாக வெளியேறுவதைப் பிடித்துச் சுத்தப்படுத்தியது. சோடா பாட்டிலுக்குப் போவதும் அதே சரக்குதான்.

2003-இல் அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பல முறைகளில் துணிகளைக் கொடுத்துச் சோதித்தபோது, கரியமில வாயுச் சலவையே முதலிடத்தில் வந்தது. இவ்வளவு நற்சான்று இருந்தும் கடைகள் பெருகவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கதவின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மடங்கு அழுத்தத்தில் அந்தக் கதவை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 140 டன். அதைத் தாங்கும் எஃகு, அதைத் திறக்கவிடாத பூட்டு, கம்ப்ரஸர், வால்வுகள், கசிந்தால் எச்சரிக்கும் கருவி (காற்றைவிடக் கனமான இந்த வாயு மூடிய அறையில் தேங்கினால் மூச்சு முட்டும்), பாய்லருக்குச் செய்வதுபோல் கலனுக்குச் சோதனை. எல்லாம் சேர்ந்து எந்திரத்தின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. பெர்க் எந்திரம் அதில் பாதிக்கும் குறைவு. அமெரிக்க ட்ரை கிளீனிங் கடை என்பது பெரும்பாலும் கணவனும் மனைவியும் நின்று நடத்தும் குடும்பக் கடை. கொரியாவிலிருந்து குடியேறியவர்கள் அதில் நிறையப் பேர். வீட்டை அடமானம் வைத்து ஒரு எந்திரம் வாங்கியவரிடம், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மும்மடங்கு விலையில் வேறொன்று வாங்கு என்றால் எப்படி?

கலிபோர்னியா சட்டத்தால் முயன்றது. பெர்க் விற்பனைமேல் கட்டணம் விதித்து, அந்தப் பணத்திலிருந்து, தண்ணீர் முறைக்கோ கரியமில வாயு முறைக்கோ மாறும் கடைக்கு 10,000 டாலர் உதவித்தொகை கொடுத்தது. 2007-இல், 2023-க்குள் பெர்க்கை அறவே நிறுத்தவேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு லட்சம் டாலர் எந்திரத்துக்குப் பத்தாயிரம் எந்த மூலைக்கு? உதவித்தொகை வாங்கியவர்கள் தண்ணீர் முறைப்பக்கமே சாய்ந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர், தீப்பற்றும் அபாயத்தைக் குறைத்த புதுவகைப் பெட்ரோலியக் கரைப்பானுக்குத் திரும்பினார்கள். சுற்றிச் சுற்றி ஸ்டாடார்ட் காலத்துக்கே போனார்கள் என்றாலும் தவறில்லை. ஐரோப்பாவில் வாயு வணிகத்தின் பெரிய நிறுவனமான லிண்டே, ஃப்ரெட் பட்லர் என்ற பெயரில் கரியமில வாயுச் சலவைக் கடைகளைத் திறந்து பார்த்தது. அங்கும் அது தெருவுக்குத் தெரு பரவவில்லை.

சோப்பைக் கண்டுபிடித்த மைசெல் நிறுவனமே சலவையை விட்டது. இதய நாளத்தில் வைக்கும் ஸ்டென்ட் கம்பிவலைமேல் மருந்தைப் பூசுவதற்கு இதே அடர்ந்த கரியமில வாயு நுட்பத்தைப் பயன்படுத்தும் தொழிலுக்கு மாறியது. கையளவுப் பாத்திரத்தில் விலையுயர்ந்த பொருள். கலனின் விலை அங்கே உறுத்தாது.

சாயத் தொழிலும் கரியமில வாயுவை முயன்று பார்த்தது. நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் தண்ணீரே இல்லாமல் கரியமில வாயுவில் துணிக்குச் சாயமேற்றும் எந்திரத்தைச் செய்தது. 2010-இல் தாய்லாந்தின் யே குழும ஆலையில் அது ஓடத் தொடங்கியது. 2011-இல் நொய்யல் ஆற்றின் மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த திருப்பூர்க்காரருக்கு இந்தச் செய்தி இனிக்கும். ஆனால் இப்போதைக்கு இது பாலியஸ்டருக்கான வித்தை. பருத்தியில் பிடிக்கும் சாயங்கள் தண்ணீரில் கரைபவை; கரியமில வாயுவில் கரைவதில்லை. திருப்பூரின் பிழைப்போ பருத்தி.

துணி துவைக்கும் வேலைக்கு இந்தத் திரவம் திரும்பி வந்தது தீயணைப்பு வீரர்களின் உடைவழியே. எரியும் வீட்டுக்குள் போய்வரும் வீரரின் கோட்டு பல அடுக்குகள் கொண்டது. பிளாஸ்டிக்கும் மரச்சாமானும் எரிந்த புகையிலிருந்து எண்ணெய்த் தன்மையுள்ள நச்சுகள் அந்த அடுக்குகளுக்குள் ஊறிவிடும். 2022-இல் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. தண்ணீரும் சோப்பும் அந்த அடுக்குகளுக்குள் முழுதாக எட்டுவதில்லை. பலமுறை துவைத்தால் கோட்டின் நீர்காப்புப் படலமும் கெடும். இளகிய, எண்ணெயைக் கரைக்கும், சூடு இல்லாத ஒரு திரவம் அங்கே சரியான ஆள். அமெரிக்காவின் டென்வர் நகரிலுள்ள டெர்சஸ் நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. படகோனியா நிறுவனம் வாடிக்கையாளரிடமிருந்து திரும்ப வாங்கி மறுபடி விற்கும் பழைய ஜாக்கெட்டுகளையும் அது கரியமில வாயுவில் துவைத்துக் கொடுத்தது.

இந்த ஏற்பாட்டில் கலன் ஓரிடத்தில் நிற்கிறது. பல ஊர்த் துணி அதைத் தேடி வருகிறது. காபி ஆலையின் கணக்கு இப்போது துணிக்கும் பொருந்தத் தொடங்குகிறது: எந்திரம் ஓயாமல் ஓடினால் எஃகின் விலை ஒவ்வொரு கோட்டின்மேலும் கொஞ்சமாகத்தான் விழும்.

2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ட்ரை கிளீனிங்கில் பெர்க்கைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை வெளியிட்டது. பெர்க் போகும் இடத்துக்கு எது வரும் என்பதைக் கரைப்பானின் நற்குணம் தீர்மானிக்கப் போவதில்லை. இதுவரை தீர்மானித்ததும் இல்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே எந்திரம் வாங்கவேண்டும் என்ற நிலை நீடித்தால், மலிவான கலனில் அடங்கும் திரவமே மறுபடி வெல்லும். பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு கலனை வைத்துக்கொண்டால், அல்லது அரசு உதவித்தொகை எஃகின் விலையைப் பார்த்து நிர்ணயிக்கப்பட்டால், கரியமில வாயுவுக்கு வழி உண்டு. அதற்கு இனி வேதியியலாளர் செய்யவேண்டியது அதிகம் இல்லை. கடைக்காரரின் கடன் புத்தகத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் தேவை.